பதினாறு எழுத்துக்குள் ஒரு பெயர்

எங்கள் மதினியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதையும் நாலு பேர் சொல்லிப் பழகிவிடுவார்கள். அவள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் ஏற்கெனவே தோட்டமே சொல்லிக்கொண்டு திரிகிறது, போதும். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அண்ணன் பெண்டாட்டி என்பதால் நேரில் 'வாங்க, போங்க' என்பேன். மனசுக்குள் எப்போதும் 'அவள்'தான். இதிலும் அப்படியே எழுதுகிறேன்.

இலங்கையில், ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அண்ணன் தோட்டத்து லொறி ஓட்டினான். அவனைக் கட்டிக்கொண்டு பதுளைப் பக்கத்திலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தாள். வந்த மாதமே பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். அப்போது எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து ஒரு வருசம். எங்கள் லயத்திலிருந்து படித்து டீச்சரான முதல் ஆள் நான். அதுவும் சயன்ஸ் டீச்சர். எதுவென்றாலும் "டீச்சரக் கேளு" என்பார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். இவள் வந்தாள், போச்சு.

அவளுடைய வேலை என்ன தெரியுமா? பேர் வைப்பது. ஆளுக்கு, நாய்க்கு, பஸ்ஸுக்கு, பாறைக்கு, எதற்கும். அவள் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காலையில் ஏழு மணிக்கு ஒரு பஸ் வரும். நாங்கள் லயத்திலிருந்து இறங்கி ரோட்டுக்கு வருவதற்குள் அது கிளம்பியிருக்கும். அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்போம். அந்த பஸ்ஸுக்கு 'முதுகு' என்று பேர் வைத்தாள். ஒரு வாரத்தில் எங்கள் பள்ளிக்கூட அதிபரே என்னிடம், "என்ன டீச்சர், இன்னைக்கும் முதுகு போயிருச்சா?" என்று கேட்டார். தேயிலை மலைகளுக்கு ஆபீஸ் வரைபடத்தில் நம்பர் மட்டும்தான் உண்டு. ஒன்பதாம் நம்பர் மலையில் பத்து மணியானாலும் பனி எழும்பாமல் படுத்துக் கிடக்கும். 'சோம்பேறி மலை' என்றாள். கொஞ்ச நாளில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளையே, "இன்னைக்குச் சோம்பேறி மலையில கொழுந்து" என்று சத்தம் போட்டார். புத்தகத்தில் ஒன்பது என்று எழுதிக்கொண்டார்.

நானும் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த நாய்க்குட்டிக்கு 'வியாழன்' என்று பேர் வைத்தேன். கோள்களிலேயே பெரியது. குட்டி எதற்கெடுத்தாலும் குரைத்தது, காற்றைப் பார்த்தும் குரைத்தது. "சும்மா, சும்மா கத்துது" என்றாள். அவ்வளவுதான். கடைசி வரைக்கும் அது 'சும்மா' என்ற பேருக்குத்தான் வாலாட்டியது. நான் "வியாழா, வியாழா" என்று கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று படுத்திருக்கும்.

நாயை விடுங்கள். அவளுக்குப் பெண் பிறந்தபோது அத்தை என்ற உரிமையில் நான்தான் பேர் தேர்ந்தெடுத்தேன். 'தாரகை'. பத்து நாள் யோசித்து வைத்த பேர். பிறப்புச் சான்றிதழிலும் ஏறியது. பிள்ளை பொழுது சாய்ந்தால் விடாமல் கத்தியது. பெத்தவள் அதற்கு 'சில்வண்டு' என்று பேர் வைத்தாள். அந்தப் பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. டாப்பு எடுத்துப் பேர் கூப்பிடும்போது "தாரகை" என்பேன். பதில் வராது. பக்கத்தில் இருக்கிற பிள்ளை முழங்கையால் இடித்து, "ஏய் சில்வண்டு, ஒன்னத்தான்" என்னும். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் வாய்க்கு வந்ததை வைப்பவள் இல்லை. புதிதாக ஒரு கணக்கப்பிள்ளை வந்தபோது பெண்களெல்லாம் அவளைப் பிடித்துக்கொண்டார்கள், இவருக்கு என்ன பேர் என்று. "இருங்கடி, ஆளப் பாக்க வேணாமா?" என்றாள். மூன்று மாதம் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தால் முதலில் "அதாவது" என்றுதான் தொடங்குவார். மூன்று மாதம் கழித்து அவர் 'அதாவது ஐயா' ஆனார். அவரே சிரித்துவிட்டார். "எப்படி மதினி இப்படிப் பிடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன், கேட்காமல் இருக்க முடியாமல். "காரணம் தெரியிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது டீச்சர்" என்றாள். என்னையும் அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அது மரியாதையா கேலியா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

இனி கல்லுக்கு வருகிறேன்.

சிறுகோள்கள் என்று உண்டு. சூரியனைச் சுற்றுகிற கற்கள், பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில். அவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்கும் வேலையில் பள்ளிக்கூடங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். எங்கோ ஒரு பெரிய தொலைநோக்கி எடுத்த படங்கள் கணினிக்கு வரும். ஒரே வானத்துண்டு, சில நிமிச இடைவெளியில் நாலு படம். மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். சிறுகோள் என்றால் ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டில் நகரும். நான் எழுதிப்போட்டு எங்கள் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தேன். பள்ளிக்கூடக் கணினி பழுதாகிக் கிடந்ததால் என் மடிக்கணினியில் வீட்டிலேயே பார்ப்பேன்.

ஒருநாள் பின்னேரம். ஒரு படத்தொகுதியை மூன்று தடவை பார்த்து, ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அவள் மலையிலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, பிளேன்டீயோடு என் பின்னால் வந்து நின்றாள்.

"இது என்னா டீச்சர், பொரிய எறச்சு வச்ச மாதிரி?"

"வானம் மதினி. இதுல ஏதாச்சும் நகருதான்னு பாக்கணும். இதுல ஒண்ணுமில்ல."

"ஏன் இல்ல? அந்தா நடக்குதே ஒண்ணு. கீழ, எடது பக்கம். மூணாவது படத்துல மங்கி, நாலாவதுல திரும்ப வருது பாரு."

பார்த்தேன். நடந்தது. நாலு படத்தையும் திரும்ப ஓட்டினேன், திரும்பவும் நடந்தது. எனக்குச் சந்தோசமே வரவில்லை. "எப்படித் தெரிஞ்சுது?" என்றேன். "நாள் பூரா பச்சையில பச்சையத் தேடுற கண்ணு. இதுல கறுப்புல வெள்ளதானே" என்று ஒரு மிடறு குடித்தாள். பிறகு கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி. "இதுக்கு யாரு பேரு வைப்பா?"

சொன்னேன். உடனே வைக்க முடியாது. முதலில் வருசமும் சில எழுத்துகளும் சேர்த்து ஒரு தற்காலிக அடையாளம் கொடுப்பார்கள். வருசக்கணக்காகப் பார்த்து, அது போகிற பாதை உறுதியானால் ஒரு நம்பர் கிடைக்கும். நம்பர் கிடைத்த பிறகுதான் பேர். கண்டுபிடித்தவர்கள் ஒரு பேர் சொல்லலாம், ஒரு குழு பார்த்துச் சம்மதிக்க வேண்டும். "நம்மள மாதிரிதான்னு சொல்லு, மொதல்ல செக்ரோல்ல நம்பரு, அப்புறந்தான் பேரு" என்றாள். முதலில் கண்டதற்கெல்லாம் அந்தக் காலத்து கிரேக்க, ரோம அம்மன்களின் பேர் வைத்தார்கள் என்றும், கற்கள் கூடக் கூட அம்மன் பேர் போதாமல் ஊர், ஆறு, பெண்டாட்டி, வாத்தியார் என்று இறங்கிவிட்டார்கள் என்றும் சொன்னேன். "சாமி பேரு தீந்துபோச்சா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் திரையைப் பார்த்து, "பாக்கணும். நடைய வச்சுத்தான் பேரு வைக்கணும்" என்றாள்.

அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. பஸ்ஸுக்கு வைத்தாய், மலைக்கு வைத்தாய், நாய்க்கு வைத்தாய், என் மருமகளுக்கும் வைத்தாய். வானத்திலும் நீதானா வைக்க வேண்டும்?

அறிக்கைப் படிவத்தில் கண்டவர்கள் பெயர் என்று இரண்டு வரி இருந்தது. முதல் வரியில் என் பெயரை முதலெழுத்தோடு முழுசாக அடித்தேன். இரண்டாவது வரியைக் காலியாக விட்டேன். அவள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "அனுப்பிட்டியா டீச்சர்?" என்று அங்கிருந்தே கேட்டாள். "அனுப்பிட்டேன் மதினி" என்றேன்.

கல்லுக்குத் தற்காலிக அடையாளம் கிடைத்தது. ஊவாவிலிருந்து ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று பெரிய பேச்சாகிவிட்டது. பதுளையில் ஒரு மண்டபத்தில் மாலை போட்டுப் பாராட்டினார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னதால் அண்ணனும் அவளும் சில்வண்டைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மேடையில் கேட்டார்கள். "கண் வலிக்க வலிக்கப் பார்த்தேன். விடாமுயற்சிதான்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள், நல்லா பலமாகவே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. மடியிலிருந்து ஒரு இஞ்சித் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "நல்லா பேசுன டீச்சர்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "மூணாவது படத்துல மங்குனத மட்டும் சொல்லாம விட்டுட்ட" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை, மலையிலும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து ஆறியிருப்பேன். அதற்கும் வழி வைக்காமல் விட்டாளே என்று இன்னும் எரிந்தது.

அடுத்த வருசம் அண்ணனுக்கு வெலிமடையில் மரக்கறி லொறி ஓட்டும் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். லயத்தில் அவள் இல்லை. நிம்மதி என்று நினைத்தேன். அவள் வைத்த பேர்கள் மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை.

ஆறு வருசம் கழித்து மின்னஞ்சல் வந்தது. கல்லுக்கு நம்பர் கிடைத்துவிட்டது, பேர் சொல்லலாம். நான் அதற்கு முன்பே அந்தப் பேரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்திருந்தேன். என் பேரைத்தான், இங்கிலீஷில். கூடவே விதிகளும் வந்திருந்தன. பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். வாயில் நுழைய வேண்டும். யாரையும் புண்படுத்தக் கூடாது. வியாபாரப் பேர் கூடாது, வளர்க்கிற நாய் பூனை பேர் வேண்டாம். அரசியல்வாதி என்றால் செத்து நூறு வருசம் ஆகியிருக்க வேண்டும். அதுவரைக்கும் தலையாட்டிக்கொண்டே வாசித்தேன். அடுத்தது, கண்டுபிடித்தவர் தன் பேரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது.

நாலு நாள் யாரோடும் பேசவில்லை. "அப்பா பேர வைக்கலாமே டீச்சர்" என்றார் அதிபர். அப்பா எதற்கு? அப்பாவா படிவம் நிரப்பினார்? எனக்கு என் பேர்தான் வேண்டும்.

ஐந்தாம் நாள்தான் புத்தியில் பட்டது. இரண்டு பேர் கண்டிருந்தால் ஒருத்தர் பேரை இன்னொருத்தர் சொல்லலாம். காலியாக விட்டேனே அந்த இரண்டாவது வரி, அதில் ஒரு பேர் இருந்திருந்தால் இன்றைக்கு என் பேரைச் சொல்ல ஆள் இருந்திருக்கும். விடுபட்ட பேரை இப்போது சேர்க்க முடியுமா என்று எழுதிக் கேட்டேன். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் முடியும் என்று பதில் வந்தது. சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். பெரகலையில் மாறி, ஹப்புத்தளையில் மாறி, வெலிமடை போய்ச் சேர்ந்தேன். திருந்திப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் பேருக்காகத்தான் போனேன்.

சிமெந்துத் தொட்டியில் கரட் கழுவிக்கொண்டிருந்தாள். குளிர்த் தண்ணீரில் கை இரண்டும் சிவந்திருந்தன.

"என்னா டீச்சர், சொல்லாம கொள்ளாம! வீட்டுல எல்லாம் சொகந்தானே?"

"சொகந்தான். ஒரு விசயம் மதினி." பஸ்ஸில் பாடமாக்கி வந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது. "அந்தக் கல்ல மொதல்ல பாத்தது நீங்கதான். அன்னைக்கு நான் ஒங்க பேர எழுதல. மறந்து இல்ல, வேணுமின்னுதான் எழுதல."

இரண்டு கரட்டைக் கழுவிப் போட்டாள். "தெரியும்" என்றாள்.

"இப்ப சேக்கலாமாம்."

"இத்தன வருசம் கழிச்சு இப்ப என்னாத்துக்கு?"

விதியைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. தொட்டி அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "அடியேய்! ஒன் பேர நான் வைக்கணும். அதுக்குத்தான் மூணு பஸ் ஏறி வந்தியா?"

"ஆமா" என்றேன். அவளிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

கோபப்படவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். "சரி, வச்சுட்டாப் போச்சு. என்னா எழுதணும்?"

"பேரும், எதுக்கு அந்தப் பேருன்னு ரெண்டு வரியும். அத உலகம் பூரா பாக்குற மாதிரி போடுவாங்க. போட்டா போட்டதுதான்."

"அப்ப எழுதிக்க" என்றாள். நோட்டை எடுத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள், அந்தக் கணக்கப்பிள்ளையை மூன்று மாதம் பார்த்த மாதிரி. "இத மொதல்ல பாத்தது இவ இல்ல. பாத்தவ பேர மறச்சா. அப்புறம் ஒருநா, பஸ் ஏறி வந்து, மறச்சேன்னு வாயால சொன்னா. எழுதிட்டியா?"

பேனா நின்றுவிட்டது. "மதினி, இப்படியெல்லாம் போட முடியாது. கஷ்டப்பட்டுப் படிச்சா, தோட்டப் புள்ளைங்களுக்கு சயன்ஸ் சொல்லிக் குடுத்தான்னு..."

"அது ஊரு சொல்றது. பேரு நான் வைக்கிறேன்னா எனக்குத் தெரிஞ்ச காரணத்தத்தான் நான் சொல்லுவேன். ஏன், இதுல என்னா கொறச்சல்? எத்தன பேரு வந்து சொல்லுவாங்க இப்படி?"

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் கொண்டுபோன இரண்டு தாளிலும், அவள் பேரைச் சேர்க்கிற தாளிலும் கல்லுக்குப் பேர் சொல்லும் தாளிலும், ஈரக் கையோடு கையெழுத்து வைத்தாள். பேருக்கும் காரணத்துக்கும் விட்ட இடத்தை "நீயே நெரப்பிக்க" என்றாள். போகும்போது ஒரு பை நிறையக் கரட்டும் லீக்ஸும் கட்டிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் அந்தக் காரணத்தை எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது. என் பேர் வானத்தில் இருக்கும். பக்கத்திலேயே, மறைத்தவள் என்றும் இருக்கும், எந்தக் காலத்துக்கும். வேறு காரணத்தை நானே இட்டுக்கட்டி அவள் கையெழுத்துக்கு மேலே எழுதியிருக்கலாம். முன்பு அப்படி ஒன்றைச் செய்தவள்தானே நான். இந்தத் தடவை கை வரவில்லை. அவள் சொன்ன காரணத்தைப் போடவும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூரா முற்றத்துக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். பின்னேரம் அவள் பேரைச் சேர்க்கிற தாளை மட்டும் வைத்துக்கொண்டு, எனக்கென்று இன்னொரு படிவத்தை எடுத்து, நான் சொல்லும் பேர் என்ற இடத்தில் அவள் பேரை எழுதினேன். இங்கிலீஷில் ஒன்பது எழுத்துதான். காரணம்: "இந்தச் சிறுகோளை முதலில் கண்டவர். இலங்கையின் ஊவா மாகாணத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். எதையும் நன்றாகப் பார்த்த பிறகே அதற்குப் பெயர் வைப்பவர்." அனுப்பிவிட்டுக் கணினியைப் பட்டென்று மூடினேன்.

சில மாதங்களில் புதுப் பேர்களின் பட்டியல் வந்தது. பள்ளிக்கூட இடைவேளையில் ஆசிரியர் அறையிலிருந்து அவளுக்குப் போன் போட்டேன்.

"மதினி, கல்லுக்குப் பேரு வந்துருச்சு."

"ஒன் பேருதானே? நல்லது டீச்சர்."

"இல்ல. ஒங்க பேரு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்தினாள். பிறகு, "காரணம் என்னா எழுதுன?" என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். மெதுவாக இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அதையும் வாசித்தேன். 'வேணாம், ஒன் பேரையே வையி' என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று அதுவரைக்கும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வயிறு அப்படி எரிந்தது. நானே எழுதி, நானே அனுப்பி, நானே வாசித்தும் காட்டி, அப்படியும் எரிந்தது. பக்கத்து மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தமிழ் டீச்சர் எழுந்து வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "எவ்வளவு பெரிய மனசு டீச்சர் ஒங்களுக்கு" என்றார்.